வாய்ஸ் விலேன் போட்டால் போன் பேச்சு சரியாகுமா?

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் 30 ஐபி போன்கள் இருக்கின்றன. மேசைக்கு ஒரே கேபிள்தான், அது போனுக்கு வந்து அங்கிருந்து கணினிக்குப் போகிறது. டிசைன் பிரிவில் பெரிய ஃபைல்களை சர்வரில் ஏற்ற ஆரம்பித்தால் போதும், பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்கும். சிஸ்கோ ஸ்விட்ச், கொஞ்சம் பழைய 2960. "வாய்ஸ் விலேன் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் நெட்வொர்க் பார்ப்பவர். உண்மையா? தனியாக கேபிள் இழுக்க வேண்டுமா?

பதில்: கேபிள் வேண்டாம். வாய்ஸ் விலேன் (ஒரே கேபிளுக்குள் குரலுக்கென்று பிரித்து வைக்கும் தனிப் பாதை) கட்டாயம் போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த வாரமும் இதே கேள்வியைத்தான் எழுதுவீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். 30 பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் மூன்று எம்பிபிஎஸ்கூட ஆகாது, ஆகவே வேகம் பற்றாமல் போகவில்லை. குரல் 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போகிறது. மாடிக்கு மாடி போகும் அப்லிங்கில் (ஸ்விட்சுகளை இணைக்கும் கேபிளில்) டிசைன் ஃபைல்கள் குவிந்து நிற்கும்போது குரல் பாக்கெட்டும் அதே வரிசையில் மாட்டிக்கொள்கிறது. தாமதமாக வந்து சேர்ந்தால் போன் அதைத் தூக்கிப் போட்டுவிடும், அந்த இடத்தில்தான் உங்களுக்குக் குரல் விட்டுப்போகிறது.

சரி, போடுவது எப்படி? டேட்டாவுக்கு விலேன் 10, குரலுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எல்லா ஸ்விட்சிலும் உருவாக்கிவிட்டு, மேசைக்குப் போகும் போர்ட்டில் 'ஸ்விட்ச்போர்ட் அக்சஸ் விலேன் 10', 'ஸ்விட்ச்போர்ட் வாய்ஸ் விலேன் 20' என்று இரண்டு வரி கொடுங்கள். போனுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. சிடிபி (சிஸ்கோ கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை) வழியாக "உன் விலேன் 20" என்று ஸ்விட்ச் சொன்னதும், போன் தன் பாக்கெட்டுகளுக்கு மட்டும் அந்த விலேன் எண்ணை டேக்காக ஒட்டி அனுப்பும். கணினியின் பாக்கெட் டேக் இல்லாமல் வருவதால் 10-க்குப் போய்விடும். அப்புறம் விலேன் 20-க்குத் தனி டிஹெச்சிபி ரேஞ்ச் (தானாகக் கொடுக்கப்படும் ஐபி முகவரிகளின் வரிசை) வேண்டும். போன்கள் சிஸ்கோவின் சொந்த கால் மேனேஜரோடு பேசுபவை என்றால் அதில் ஆப்ஷன் 150-யும் (போன் தன் அமைப்புகளை எந்த சர்வரில் எடுக்க வேண்டும் என்று சொல்வது) சேருங்கள்.

அப்லிங்க் ட்ரங்கில் (பல விலேன்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பில்) 20-ஐ அனுமதிக்கும்போது மட்டும் நிதானம். ஏற்கெனவே பட்டியல் இருக்கும் ட்ரங்கில் 'அலவ்டு விலேன் ஆட் 20' என்றுதான் அடிக்க வேண்டும். 'ஆட்' விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 20 மட்டும் மிஞ்சும், மொத்த மாடியும் கணினியோடு சேர்ந்து படுத்துவிடும். இதை ஆபீஸ் நேரத்தில் செய்யாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை. விலேன் போக்குவரத்தைப் பிரித்து வைக்கும், முன்னுரிமை தராது. அதற்கு கியூஓஎஸ், அதாவது எந்த பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் அமைப்பு, வேண்டும். போன் தன் குரல் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியை வைத்துத்தான் அனுப்புகிறது. ஆனால் 2960-இல் 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' என்று கொடுத்த மறுகணமே எந்தப் போர்ட்டையும் ஸ்விட்ச் நம்பாது, வருகிற குறியை எல்லாம் பூஜ்ஜியமாக்கிவிடும். பல இடங்களில் கியூஓஎஸ் போட்ட பிறகு பேச்சு இன்னும் மோசமாவது இதனால்தான். மேசைப் போர்ட்டில் 'ட்ரஸ்ட் காஸ்' (காஸ் என்பது டேக்கில் இருக்கும் முன்னுரிமை எண்), 'ட்ரஸ்ட் டிவைஸ் சிஸ்கோ-போன்' இரண்டையும், அப்லிங்கில் இரு பக்கமும் 'ட்ரஸ்ட் டிஎஸ்சிபி'யும் கொடுங்கள். அப்லிங்கிலேயே 'ப்ரையாரிட்டி-கியூ அவுட்' போட்டுவிட்டால் எத்தனை ஜிபி ஃபைல் நின்றாலும் குரல் முதலில் போகும்.

கேள்வி: எங்கள் ஸ்விட்ச் சிஸ்கோ இல்லை. வாய்ஸ் விலேன் போட்டும் சில போன்கள் டேட்டா ஐபியையே வாங்குகின்றன.

பதில்: ஸ்விட்சிலும் போனிலும் எல்எல்டிபி-மெட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், போனுக்கு விலேன் எண்ணைச் சொல்லும் சிடிபி வேலையை அங்கே அதுதான் செய்கிறது. விலை குறைந்த ஸ்விட்ச்கள் பலவற்றில் ஓயூஐ பட்டியல் என்று ஒன்று இருக்கும். மேக் அட்ரஸின் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணின்) முதல் மூன்று பைட்டைப் பார்த்து "இது போன்" என்று ஸ்விட்ச் முடிவு செய்யும். உங்கள் போனின் மேக், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும், அதன் முதல் ஆறு எழுத்தைப் பட்டியலில் சேருங்கள். அதற்கும் மசியாத போனுக்கு மெனுவில் விலேன் எண்ணைக் கையால் போட வேண்டியதுதான்.

கேள்வி: அலுவலகத்துக்குள் பேச்சு அருமை. இன்டர்நெட் வழியாக வெளியே பேசினால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. விலேன் தப்பா?

பதில்: ஸ்விட்சை விட்டுவிடுங்கள், ரவுட்டரைப் பிடியுங்கள். மணி அடிக்கும் சிக்னல் ஒரு போர்ட்டில் போகும், பெரும்பாலும் 5060; குரல் வேறு போர்ட்களில் போகும். ரவுட்டரில் இந்த அழைப்பு சிக்னலைக் கையாளும் 'சிப் ஏஎல்ஜி' வசதி நடுவில் புகுந்து முகவரியை மாற்றி எழுதும்போது குரல் வழி தவறிவிடுகிறது. அதை ஆஃப் செய்து ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். சரியாகாவிட்டால் ஃபயர்வாலில் ஆர்டிபி போர்ட்கள் (குரல் போகும் போர்ட்கள்) திறந்திருக்கின்றனவா என்று உங்கள் போன் சர்வீஸ்காரரிடமே ரேஞ்ச் கேட்டுச் சரிபாருங்கள்.