விறகும் அந்தக் கணக்கில் உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரையில், “ஒரு நாட்டின் வருமானம் ஏற ஏற, புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பயன்பாடும் ஏறும்” என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். முதுகலைப் பொருளாதார வகுப்புக்காக உலக வங்கியின் தரவை எடுத்து, தனிநபர் வருமானத்தையும் மொத்த ஆற்றல் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். கோடு கீழே இறங்குகிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசு, எத்தியோப்பியா போன்ற ஏழை நாடுகள் 90 சதவீதத்தை ஒட்டி உச்சியில் நிற்கின்றன. உங்கள் வரி தவறா, என் கணக்கு தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கணக்கு சரி. என் வரிதான் அவசரத்தில் எழுதியது. எந்தப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பதையும் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறேனா பங்கைச் சொல்கிறேனா என்பதையும் சொல்லவில்லை.

உச்சியில் நிற்கும் அந்த 90 சதவீதத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சோலார் பேனலும் காற்றாலையும் அதில் சொற்பம். பெரும்பகுதி விறகும் மரக்கரியும்தான். மரம் திரும்ப வளரும் என்பதால் புள்ளிவிவரத்தில் விறகும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல். வெட்டிய இடத்தில் நிஜமாகவே மரம் வளர்ந்ததா என்று அடுப்படிக்கு வந்து யாரும் கேட்பதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மூன்று கல் வைத்த அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்றோ, சற்றுக் கூடுதலோதான் பானைக்குப் போகிறது. மிச்சமெல்லாம் பக்கவாட்டில் வீணாகிறது, புகையாகப் போகிறது. ஆனால் புள்ளிவிவரத்தில் ஏறுவது பானைக்குள் போன வெப்பமல்ல, எரிந்த விறகு முழுவதும். அடுப்பு எவ்வளவு மோசமோ, அந்த அளவுக்கு நாட்டின் ‘பசுமை’ப் பங்கு உப்பித் தெரியும். அந்த வீட்டுக்குக் கையில் கொஞ்சம் காசு வந்து எரிவாயு அடுப்பு வாங்கினால், அட்டவணையில் நாடு பின்னுக்குப் போய்விட்டதாகக் காட்டும். வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆகவே உங்கள் கோட்டின் அந்தச் சரிவுக்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

சரி, சமையலை விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் எடுத்தால்? அப்போதும் வருமானத்தின் கை எளிதில் பிடிபடாது. பராகுவேயின் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரம். பரானா என்ற பெரிய ஆறும், பிரேசிலோடு சேர்ந்து கடன் வாங்கிக் கட்டிய 14,000 மெகாவாட் இதாய்ப்பு அணையும்தான் காரணம். கென்யாவுக்கு நிலத்தடி வெப்பம் வாய்த்தது. ஓல்காரியாவில் 1981-லேயே அதிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இதெல்லாம் புவியியல் கொடுத்த சீதனம்.

நான் அந்த வரியை எழுதும்போது மனதில் இருந்தது பொருளாதார ஆய்வாளர் பெர்ரி சடோர்ஸ்கி 2009-இல் வெளியிட்ட ஆய்வு. வளரும் பொருளாதாரங்கள் 18-ஐ எடுத்துப் பார்த்தவர், தனிநபர் வருமானம் 1 சதவீதம் கூடினால் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் தனிநபர் நுகர்வு நீண்டகாலத்தில் சுமார் 3.5 சதவீதம் கூடுகிறது என்றார். அது அளவைப் பற்றிய பேச்சு. உங்கள் வரைபடம் பங்கைப் பற்றியது. காற்றாலை இரண்டு மடங்காகி, நிலக்கரி அதைவிட வேகமாக ஏறினால் அளவு கூடும், பங்கு குறையும். இரண்டும் ஒரே நாட்டில் ஒரே வருடத்தில் நடக்கலாம். தவிர, அவருடைய தரவு 2003-உடன் முடிகிறது. சோலார் பேனல் யானை விலை விற்ற காலம் அது.

இப்போது என்னைக் கேட்டால், வருமானத்தைவிட வட்டியைப் பார்க்கச் சொல்வேன். எரிவாயு மின்நிலையம் நடத்துபவர் எரிபொருளை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம். சோலார் அப்படியில்லை. இருபது வருட மின்சாரத்துக்கான காசு ஏறக்குறைய முழுவதையும் முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். 100 கோடி கடன் வாங்கி ஒரு சோலார் நிலையம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடத் தவணை. 5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்குச் சுமார் 8 கோடி கட்ட வேண்டும். 12 சதவீதம் என்றால் 13.4 கோடி. அதே வெயில், அதே பேனல், ஆனால் மின்சாரத்தின் அடக்கவிலை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்குத் திரட்டும் பணத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை (கடனுக்கு வட்டி, முதலீட்டாளருக்கு லாபம்), வளர்ந்த நாடுகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்லிவருகிறது. வெயில் கொளுத்தும் நாடுகளில் சோலார் ஏன் மெதுவாக வருகிறது என்பதற்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. பாகிஸ்தான் 2024 என்ற ஒரே வருடத்தில் சீனாவிலிருந்து சுமார் 17 ஜிகாவாட் பேனல்களை இறக்குமதி செய்தது. வருமானம் தேங்கிக் கிடந்த நேரம் அது. மின்கட்டணம் மேலே மேலே ஏறியது, பேனல் விலை சரிந்தது. கையில் முதலீட்டுக்குக் காசு இருந்தவர்கள் அரசுக்கும் மின்கம்பிக்கும் காத்திருக்காமல் கூரையில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் காசு இல்லாதவர்கள் ஏறிய கட்டணத்தோடு பழைய கம்பியில் தொங்குகிறார்கள். தனிநபர் வருமானம் என்ற ஒற்றைச் சராசரியில் இந்தப் பிளவு தெரியவே தெரியாது.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் 310 மெகாவாட்டுக்கு 365 காற்றாலைகளை 2017-இல் நிறுத்தி முடித்தார்கள். மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பித்தடம் முடிந்தது 2018-இல். அதுவரை காற்று பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம், எது எதற்குக் காரணம், வருமானத்தால் ஆற்றலா, ஆற்றலால் வருமானமா என்று கண்டுபிடிக்கும் புள்ளியியல் சோதனைகள் உங்கள் பாடத்தில் வரும். பதினைந்து, இருபது வருடத் தரவை வைத்து அதில் திட்டவட்டமாகத் தீர்ப்புச் சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அது தனிக்கதை.

உங்கள் வரைபடத்தை மூன்றாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்: விறகும் கரியும் ஒன்று, அணைகள் ஒன்று, சோலாரும் காற்றும் ஒன்று. முடிந்தால் மூன்றாவதில் வருமானத்தோடு கடன் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்ததை எனக்கும் அனுப்புங்கள். கட்டுரையில் அந்த வரியை இன்று காலை திருத்திவிட்டேன்.