தோட்டத் தலைவரா ஒரு பொம்பள வந்தா என்ன மாறும்?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். எங்க தோட்டத்து தொழிற்சங்க கமிட்டிக்கு புதுசா ஆள் தெரிவு செய்யப் போறாங்க. இவ்வளவு காலமா தலைவர்னா ஆம்பளதான், பொம்பளைங்களுக்கு மாதர் தலைவி பதவி மட்டும்தான். இந்த தடவ மலையில எங்கூட வேலை செய்ற பொம்பளைங்க எல்லாரும் என்னைய தலைவர் பதவிக்கே நிக்கச் சொல்றாங்க. வீட்டுக்காரர், "மாதர் தலைவியா இருந்துட்டுப் போ, தோட்டத்து மேனேஜர் துரைகிட்ட பேசுறதெல்லாம் உனக்கு எதுக்கு"ங்கிறார். எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு, நான் வந்து மட்டும் என்ன மாறிடப் போகுது?

பதில்: தங்கச்சி, நில்லுங்க. கட்டாயம் நில்லுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல நீங்க கொழுந்து நிறுக்கப் போற நேரத்தையே எடுத்துக்குவோம். மழையில நனைஞ்சு, இடுப்புல கட்டின படங்கோட, தலையில சாக்கு கனக்க வந்து வரிசையில நிக்கிறீங்க, தராசு காட்டுற கணக்கு ஒண்ணு, புத்தகத்துல விழுற கணக்கு வேற ஒண்ணு. கொழுந்து ஈரமா இருக்குன்னு தண்ணிக்கு கொஞ்சம் கழிப்பாங்க, சாக்குக்கு கொஞ்சம், முத்தின இலைன்னு சொல்லி இன்னும் கொஞ்சம், கடைசியில கிலோ குறைஞ்சிருச்சுன்னு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். இது எந்தத் தோட்டத்துல நடக்கலன்னு சொல்லுங்க பாப்போம்! ஆனா துரையோட பேச்சுவார்த்தைக்கு போறப்ப இந்த விஷயம் எத்தன தடவ முதல் விஷயமா பேசப்பட்டிருக்கு? தலைவர் கெட்டவர்னு நான் சொல்லல. அவர் தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுறவர், இல்லாட்டி மருந்து அடிக்கிறவர், தன் பங்கு வேலைய முடிச்சிட்டு மத்தியானத்தோட வீட்டுக்கு போயிடுறவர், தராசு முன்னால நின்னு தன் கிலோ கழியறத அவர் ஒரு நாளும் பாத்ததில்ல. அதனால அது அவருக்கு நாலாவது அஞ்சாவது பிரச்சினையா போயிடுது, நேரம் முடிஞ்சதும் அடுத்த மாசம் பேசுவோம்னு எழுந்து வந்துடுறாங்க. மலையில மலசலகூடம் இல்லாம மாசத்துல அந்த நாட்கள்ல பொம்பளைங்க படுற பாடும் அப்படித்தான், வேலைக்குப் போறப்ப குழந்தைங்கள விடுற பிள்ளைக் காம்பரா எத்தன மணிக்கு மூடுதுங்கிறதும் அப்படித்தான். தெரியாத வலிய யாரும் மேசையில எடுத்து வைக்க மாட்டாங்க, வேணும்னு மறைக்கிறதில்ல, அவங்க மனசுல அது எழும்புறதே இல்ல.

இத நான் என் மனசுக்குப் பட்டத வச்சு மட்டும் சொல்லல. இந்தியாவுல 1993ல அரசியலமைப்ப திருத்தி கிராம பஞ்சாயத்து தலைவர் பதவியில மூணுல ஒரு பங்க பொம்பளைங்களுக்கு ஒதுக்கினாங்க. எந்த ஊருக்கு பொம்பள தலைவர்ங்கிறத சுழற்சி முறையில தீர்மானிச்சதால, பொம்பள தலைவர் இருந்த ஊரையும் இல்லாத ஊரையும் பக்கத்துல வச்சு பாக்க முடிஞ்சுது. ரகபேந்திர சட்டோபாத்யாயும், பின்னாடி பொருளியலுக்கு நோபல் பரிசு வாங்கின எஸ்தர் டுஃப்ளோவும் மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் பாத்து 2004ல எழுதினாங்க, பொம்பள தலைவர் இருந்த ஊருங்கள்ல குடிதண்ணிக்கு கூடுதலா செலவாகியிருந்துச்சு. தண்ணி தூக்குறது யாரு, தண்ணி இல்லன்னு முறையிடுறது யாருன்னு நமக்குத் தெரியும்தானே. அதே மேற்கு வங்காளத்துல பிறகு செஞ்ச இன்னொரு ஆய்வுல, தொடர்ந்து ரெண்டு தடவ பொம்பள தலைவர் இருந்த ஊருகள்ல பெத்தவங்க மகள் படிப்பு மேல வைக்கிற நம்பிக்கையே கூடியிருந்துச்சாம், பொம்பளப் பிள்ளைங்களும் பெருசா ஆசைப்பட ஆரம்பிச்சிருந்தாங்களாம். உங்களுக்கு மகள் இருக்காளான்னு நீங்க எழுதல, இருந்தா இந்த இடத்த அவளுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

இப்ப உங்க சந்தேகத்துக்கு நேரா வாறேன், அது சரியான சந்தேகம்தான். ஒரு பொம்பள மேல உக்காந்துட்டா எல்லாம் மாறிடும்னு சொன்னா அது பொய். உலகத்துலயே முதல் பெண் பிரதமர் வந்தது நம்ம இலங்கையிலதான், 1960ல சிறிமாவோ பண்டாரநாயக்க. அதே அம்மாதான் 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியோட ஒப்பந்தம் செஞ்சு இந்திய வம்சாவளியான நம்ம மலையகத் தமிழ்ச் சனத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறது, 3,00,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமை குடுக்கிறதுன்னு பங்கு பிரிச்சாங்க. நம்ம தோட்டங்கள்ல அண்ணன் அக்கரையில தங்கச்சி இக்கரையிலன்னு பிரிஞ்ச குடும்பங்கள் எத்தனையோ, கொழுந்து எடுக்கிற ஒரு பொம்பளகிட்டயாவது கேட்டுட்டா கையெழுத்து போட்டாங்க? அதனால நான் கேக்கிறது எவளோ ஒருத்தி எங்கயோ உச்சியில இருக்கிறத இல்ல. தராசுக்கு முன்னால நிக்கிறவளே பேச்சுவார்த்தை மேசையிலயும் இருக்கணும், அதுவும் ஒருத்தியா இல்லாம நாலு பேரா இருக்கணும். உங்க மலையில இருக்கிறவங்க உங்களத் தேடி வந்து கேட்டிருக்காங்க பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புதுசுன்னு யாராவது சொன்னா மீனாட்சியம்மாள் நடேசய்யர் பேர சொல்லுங்க. தோட்டத்துக்குள்ள சங்கம்னு வாய் திறக்கவே பயந்த 1930கள்ல புருஷனோட சேர்ந்து தொழிலாளர்கள திரட்டினவங்க அவங்க, கூட்டத்துல பாட்டு எழுதிப் பாடியே சனத்த எழுப்பினாங்க. அதுக்கப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. 1984 வரைக்கும் ஒரே தோட்டத்துல ஆம்பளையோட நாட்சம்பளத்த விட பொம்பளையோட நாட்சம்பளம் குறைவு, சங்கத்துக்கு சந்தா கட்டினவங்கள்ல நம்ம பொம்பளைங்க அவ்வளவு பேர் இருந்தும்! மலையகத் தமிழ்ப் பொம்பளைங்க பாராளுமன்றத்துக்கு தேர்தல்ல ஜெயிச்சுப் போனது 2024லதான், பதுளையில ஒருத்தங்க, நுவரெலியாவுல ஒருத்தங்க. அந்தத் தேர்தல்ல ஒரு பொம்பள பிரதமரா இருந்துக்கிட்டே கூட 225 பேர்ல பொம்பளைங்க பத்து வீதத்த எட்டல. பிரதேச சபையில கதை வேற, 25 வீதம் கட்டாயம்னு சட்டம் வந்து 2018 தேர்தல்ல அத நடைமுறைப்படுத்தினதும், அதுவரை ரெண்டு வீதம் அளவுல கெடந்த பொம்பளைங்க எண்ணிக்கை ஒரே தடவையில இருபது வீதத்த தாண்டிடுச்சு. ஆள் இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா, இடம் இல்லாமத்தான் இருந்துச்சு.

மாதர் தலைவி பதவிய நான் மட்டமா சொல்லல, ஆனா அந்த பதவியில இருக்கிறவங்கள எப்ப தேடுறாங்கன்னு பாருங்க. மே தினத்துக்கு பஸ்ஸுல ஆள் ஏத்தணும், மகளிர் தினத்துக்கு சாரி கட்டி வரிசையா நிக்கணும், மந்திரி வந்தா ஆரத்தி எடுக்கணும். துரையோட ஒபிஸுக்கு போறப்ப மட்டும் கூப்பிட மாட்டாங்க. கமிட்டியில நாற்காலி கிடைச்சும் முடிவு எடுக்கிற கூட்டத்துக்கு கூப்பிடாம விட்டா அது பதவியே இல்ல.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் பயப்படுறது எதுக்குன்னு சண்டை போடாம கேளுங்க. பெரும்பாலும் ராத்திரி கூட்டம், நாலு பேர் பேசுற பேச்சு, வீட்டு சமையல், இந்த மூணுலதான் வந்து நிக்கும். கூட்டத்த ஞாயித்துக்கிழமை பகல்ல வைக்கச் சொல்லி இப்பவே கேளுங்க, அது உங்களுக்கு மட்டுமில்ல கைக்குழந்தை இருக்கிற எல்லாருக்கும் உதவும். எங்க போனாலும் ரெண்டு பேர் கூட போங்க. சமையல் விஷயத்துல அவரும் அடுப்படிக்குள்ள வரத்தான் வேணும், ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல அது நியாயம், அத தயங்காம கேளுங்க. நாலு பேர் பேசத்தான் செய்வாங்க, அத நிப்பாட்ட எனக்கு வழி தெரியாது. ஆனா தராசுல ஒரு கிலோ கழியிறது நின்னா அதே நாலு பேர் வீட்டுலயும் சம்பளம் கூடும்.

அப்புறம் வேலை. ஜெயிச்சதும் பத்து விஷயத்த தூக்காதீங்க, தராசு ஒண்ணுல தொடங்குங்க. உங்க மலையில இருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் தினமும் தராசு காட்டின கிலோ எவ்வளவு, பேர்ல விழுந்த கிலோ எவ்வளவுன்னு ஒரு கொப்பியில எழுதி வைக்கட்டும், எழுத வராதவங்களுக்கு மகனோ மகளோ எழுதிக் குடுக்கட்டும். சம்பளச் சிட்டைய கசக்கிப் போடாம எல்லாரும் சேத்து வைக்கணும். ஒரு மாசக் கணக்கோட போனீங்கன்னா துரையால சும்மா பேசி அனுப்ப ஏலாது. அங்க சரிவரலன்னா தொழில் திணைக்களத்துக்கு எழுதுங்க, சிங்களம் தெரியாதேன்னு தயங்க வேணாம், 1987ல இருந்து தமிழும் இந்த நாட்டு அரச கரும மொழி, தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம்.

பேர் குடுக்கப் போறப்ப தனியா போகாம உங்கள நிக்கச் சொன்ன பொம்பளைங்க அத்தன பேரையும் கூட்டிட்டுப் போங்க, அதுல இன்னும் ரெண்டு பேரையாவது செயலாளருக்கும் பொருளாளருக்கும் பேர் குடுக்க வைங்க. இப்பவே போய் அவங்ககிட்ட பேசுங்க.