வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் கலை மன்றம் இருபது வருடமாக மாசியில் காமன் கூத்தும் இடையிடையே நாடகமும் போட்டு வருகிறது. பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறோம். இதுவரை வீட்டுக்கு வீடு சேர்த்த காசில்தான் எல்லாம் நடந்தது. இந்த வருடம் மூன்று பக்கமிருந்து உதவி வருகிறது. டவுனில் வைன் ஸ்டோர்ஸ் நடத்தும் ஒருவர் 5 இலட்சம் தருவதாகச் சொல்லி, அதில் 2 இலட்சத்தை எங்கள் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போட்டுவிட்டார். அவரைப் போஷகராக்க வேண்டுமாம், பற்றுச்சீட்டை 10 இலட்சத்துக்கு எழுதித் தர வேண்டுமாம். அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்றும் பேச்சு. தோட்டத் துரை (முகாமையாளர்), மூடிக்கிடக்கும் பிள்ளைக் காம்பராவை (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கட்டடம்) ஒத்திகைக்கு நன்கொடையாக எழுதித் தருகிறேன் என்கிறார், ஆனால் சம்பளப் பிரச்சினை பற்றிய எங்கள் நாடகத்தை இனிப் போடக்கூடாதாம். கனடாவிலுள்ள ஓர் அமைப்பு, தப்பு மேளமும் உடுப்பும் வாங்க 3,000 டொலர் அனுப்புவதாகச் சொல்லிக் கணக்கு இலக்கம் கேட்கிறது. குழுவில் பாதிப்பேர் "வாற சீதேவியை உதைக்காதீங்க" என்கிறார்கள். எதை வாங்கலாம், எதை மறுக்கலாம்? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? (செயலாளர், கலை மன்றம்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்குத்தான் அவசரம்.

நன்கொடை பற்றி நம் இலங்கை நீதிமன்றங்கள் இன்றும் பார்ப்பது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் ரோமன் டச்சுச் சட்டத்தை. அதன்படி கொடுப்பவர் கொடுத்தால் மட்டும் நன்கொடை ஆகாது, பெறுபவர் ஏற்கவும் வேண்டும். உங்கள் மன்றத்துக்கு யாரும் வலுக்கட்டாயமாக உபகாரம் செய்துவிட முடியாது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குக் காரணம்கூடத் தேவையில்லை.

சரி, அந்த 2 இலட்சத்தை மன்றம் ஏற்றுவிட்டதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை என்றுதான் வாதிடுவேன். பணம் போனது பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு. நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் எடுத்ததாகவோ பற்றுச்சீட்டு எழுதியதாகவோ நீங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த நிலை நாளுக்கு நாள் மாறும். அதிலிருந்து ஒரு தப்புக்குத் தோல் வாங்கினால் போதும், செய்கையால் ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகிவிடும். "பாதுகாப்புக்காக" மன்றக் கணக்குக்கு மாற்றி வைப்போம் என்று யாராவது நல்ல எண்ணத்தில் சொல்வார்கள். அதையும் செய்யவேண்டாம், அதுவே ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சியாகும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, வங்கி வழியாகவே திரும்பிப் போகட்டும். கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

ஒருமுறை ஏற்றுவிட்டால் கதை வேறு. அது மன்றத்தின் பணமாகிவிடும், குழு உறுப்பினர்கள் அதற்குக் காவலர்கள் மட்டுமே. பிறகு மனச்சாட்சி உறுத்துகிறது என்று செயலாளரும் தலைவரும் சேர்ந்து காசோலை எழுதித் திருப்ப முடியாது. யாப்பு (மன்றத்தின் சட்டதிட்டம்) இடம் தரவேண்டும், பொதுக்கூட்டம் ஒப்பவேண்டும், அதற்குள் பாதி செலவாகியிருக்கும்.

இந்த வித்தியாசத்தைப் பெரிய இடங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஒக்சிகொன்டின் என்ற வலி நிவாரணி மாத்திரையால் அமெரிக்காவில் பலர் அடிமையான விவகாரத்தில் அதைத் தயாரித்த கம்பனியின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயர் கெட்டது. லண்டன் தேசிய உருவப்பட அரங்குக்கு அந்தக் குடும்ப அறக்கட்டளை தரவிருந்த 10 இலட்சம் பவுண், 2019 இல் வாங்கப்படாமலே நின்றது. ஓர் அறிவிப்போடு விஷயம் முடிந்தது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமோ எப்போதோ வாங்கிப் பெயரும் பொறித்துவிட்டது. ஏழு காட்சிக்கூடங்களிலிருந்து அந்தப் பெயரை எடுக்க 2021 டிசம்பர் வரை ஆனது. நமக்கு ஏழு காட்சிக்கூடம் இல்லை, ஒரு பேனர்தான் இருக்கிறது. ஆனால் பேனரில் போட்ட பெயரை ஊர் மறப்பதற்கும் காலம் எடுக்கும்.

இனி அந்தப் பற்றுச்சீட்டு. 5 இலட்சம் வாங்கி 10 இலட்சத்துக்கு எழுதிக் கொடுப்பது உதவி அல்ல, பொய் ஆவணம். மீதி 5 இலட்சத்துக்கு அவர் யாரிடம் கணக்குக் காட்டப் போகிறார் என்று யோசியுங்கள். வருமான வரியில் கழித்துக் காட்டவா? அந்தச் சலுகை முக்கியமாக அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் காசுக்கு, கூத்துப் போடும் மன்றம் பொதுவாக அதில் வராது. வேறெங்கோ வந்த காசை வெள்ளையாக்கவா? அப்படியானால் 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது, அதில் மாட்டுவது கொடுத்தவர் மட்டுமல்ல. கையெழுத்து உங்களுடையது. மற்ற எதையும் பார்க்காமல் இந்த ஒரு நிபந்தனைக்காகவே மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

அவர் பற்றுச்சீட்டுக் கதையை விட்டுவிட்டு, 5 இலட்சத்துக்கு 5 இலட்சமே எழுதுங்கள் என்று வந்தால்? அப்போதும் இரண்டு முடிச்சு இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், மதுபானத்தின் பெயரையோ சின்னத்தையோ போட்டுக் கலாசார நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்குவதைத் தடுக்கிறது. போத்தல் படமில்லாமல் கடைப் பெயரை மட்டும் போட்டால் அது இதில் அடங்குமா என்று நன்றாக வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நீதவான் முன் போய்த்தான் செய்யவேண்டும், அதற்கு ஆகும் செலவில் இன்னொரு கூத்துப் போட்டுவிடலாம். இரண்டாவது, தேர்தல். வாக்கைக் குறிவைத்துக் கொடுப்பது தேர்தல் சட்டத்தில் இலஞ்சம், தெரிந்துகொண்டு வாங்குவதும் குற்றம். இன்று அவர் வேட்பாளர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் போஷகர் பதவி, மேடையில் மாலை, பேச ஐந்து நிமிடம் என்று போனால், வேட்புமனு வந்த பிறகு உங்கள் மன்றமே அவருடைய கிளைக் காரியாலயம்போல ஆகிவிடும்.

ஒன்று சொல்லவேண்டும். மதுக்கடைக்காரர் என்பதற்காக மட்டும் அவரைத் தள்ளிவைக்க நான் சொல்லமாட்டேன். அந்த 5 இலட்சத்தில் எவ்வளவு உங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) சம்பளக் காசு என்று எனக்குத் தெரியாதா என்ன. பெயரும் பதவியும் கேட்காமல் ஊர்க்காரராக, மற்ற வீடுகளைப்போல ஒரு தொகை எழுதினால் வாங்குவதைச் சட்டம் தடுக்காது. வாங்குவதா என்பது உங்கள் பொதுக்கூட்டத்தின் விஷயம். பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று அங்கே கேளுங்கள், குடியின் செலவு அவர்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளைக் காம்பரா விஷயத்தில் துரை தன்னிடம் இல்லாத ஒன்றைத் தருகிறார். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தன. 1992 இலிருந்து கம்பனிகள் நடத்துகின்றன, ஆனால் அவர்களிடம் இருப்பது குத்தகை, காணி அரசுடையது. உங்கள் தோட்டமும் அப்படியென்றால் கம்பனிக்கே நன்கொடை உறுதி எழுத உரிமையில்லை, துரைக்கு எங்கே? அப்படியே உரிமை இருந்தாலும் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அசையாச் சொத்தை நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடுதான் எழுதவேண்டும். துரை தலைப்புக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பது வெறும் அனுமதி. அவர் மாற்றலாகிப் போக, புதுத் துரை பூட்டுப் போடுவார். அதற்குள் நீங்கள் கூரைத் தகரத்தை மாற்றியிருப்பீர்கள்.

ஆகவே நன்கொடை என்ற சொல்லை விட்டுவிட்டு, கம்பனித் தலைமைக் காரியாலயத்திடமிருந்து பாவனை அனுமதி கேளுங்கள். எத்தனை வருடம், கரண்ட் பில் யார் கட்டுவது, திருத்த வேலைக்குப் போட்ட காசுக்கு என்ன பதில், வெளியேறச் சொன்னால் எத்தனை மாத அறிவித்தல் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும்.

நாடகத்தை நிறுத்தும் நிபந்தனை சட்டவிரோதமா என்று கேட்டால், நேரடியாக அல்ல. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது, ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிர்வாக, ஆட்சித்துறைச் செயலுக்கு எதிரானது. தனியார் கம்பனி "என் கட்டடம் வேண்டுமென்றால் இதைப் போடாதே" என்று பேரம் பேசினால் அந்த வழி திறக்காது. இதற்குப் பதில் உங்கள் யாப்பிலேயே இருக்கவேண்டும். மன்றத்தின் நோக்கம் மக்களின் கலையை வளர்ப்பது என்று எழுதியிருந்தால், எந்த நாடகம் என்பதைத் துரையிடம் ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரமே இல்லை என்பேன். காமன் கூத்து எந்தக் காம்பராவிலும் பிறக்கவில்லை, கோவில் முற்றத்தில் பனியில் நின்று பழகிய ஆட்டம். நிபந்தனையோடுதான் காம்பரா என்றால் ஒத்திகையும் அங்கேயே நடக்கட்டும்.

கனடாப் பணம் மூன்றிலும் சுத்தமானதாகத் தெரிகிறது, ஆனால் தேடிப் பார்க்காமல் கணக்கு இலக்கம் கொடுக்கவேண்டாம். இலங்கையின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழான 2012 ஒழுங்குவிதிப்படி, பயங்கரவாதத்தோடு தொடர்புடையவை என்று பெயர் குறிப்பிடப்பட்ட அமைப்புகளின் பணத்தோடு கொடுக்கல் வாங்கல் வைப்பது குற்றம். அந்தப் பட்டியல் நிலையாக நிற்பதில்லை. 2014 இல் சேர்க்கப்பட்ட புலம்பெயர் அமைப்புகள் சில 2015 இல் நீக்கப்பட்டு, 2021 இல் மீண்டும் ஏற்றப்பட்டன. கடைசி வர்த்தமானியைப் பாருங்கள், அந்த அமைப்பின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், என்ன வாங்கப் பணம் என்று அவர்களிடமிருந்து ஒரு கடிதம் எடுங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் வழியில்) வேண்டாம், வங்கி வழியாக வரட்டும். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை வங்கி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். அது வழமை, குற்றச்சாட்டு அல்ல. அதற்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாகப் போடச் சொன்னால்தான் சந்தேகம் வரும்.

இந்தப் பணம் வருவதற்கு முன் மன்றத்தின் பெயரில், இருவர் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கொன்று கட்டாயம் வேண்டும். பொருளாளர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால் அந்தக் காசு அவருடைய பிள்ளைகளின் சொத்து என்று யாரும் சொல்லலாம். பிரதேச செயலகப் பதிவு உங்கள் மன்றத்தைச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக்கிவிடாது. அப்படி ஆகவேண்டுமென்றால் 2007 கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகள் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தில் இயங்கும்) கம்பனியாகலாம், ஆனால் வருடாந்தக் கணக்கும் கணக்காய்வும் கூடவே வரும். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அரைப் பக்கத் தீர்மானம் ஒன்றை யாப்போடு சேருங்கள். குறித்த தொகைக்கு மேல், உதாரணமாக 50,000 ரூபாய்க்கு மேல், எது வந்தாலும் குழு கூடி எழுத்தில் ஏற்றால்தான் அது நன்கொடை என்று இருக்கட்டும். கதை, பாட்டு, வேடம் எதிலும் கொடுப்பவருக்குத் தலையிட உரிமையில்லை என்று ஒரு வரி, வாங்கிய தொகைக்கு மட்டுமே பற்றுச்சீட்டு என்று ஒரு வரி. குழுவில் ஒருவருடைய சொந்தக்காரரோ முதலாளியோ கொடுத்தால் அந்த உறுப்பினர் அந்தத் தீர்மானத்தில் கை தூக்கக்கூடாது. பின்னால் பிழை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கப் பொதுக்கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இன்று அது இல்லாததால்தான் இந்தக் கடிதமே எழுதுகிறீர்கள்.

வைன் ஸ்டோர்ஸ்காரருக்கு எழுதும் கடிதத்தில் தேர்தலையோ மதுவையோ இழுக்கவேண்டாம், வீண் பகை. "தங்கள் அன்புக்கு நன்றி. தாங்கள் பொருளாளரின் கணக்கில் இட்ட 2 இலட்சம் ரூபாயை மன்றம் நன்கொடையாக ஏற்கவில்லை. இன்ன திகதியில் தங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்பியுள்ளோம்" என்ற மூன்று வரி போதும். தலைவரும் நீங்களும் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டையும் வங்கிச் சீட்டையும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.