தேர்வுக்கால இரவும் எனர்ஜி டிரிங்க்கும்: கேள்வி பதில்

மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், மதுரைக் கல்லூரி மாணவர்கள் எனர்ஜி டிரிங்க் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி (முதுகலை மாணவர், நாகமலை புதுக்கோட்டை): ஐயா, தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு இரண்டு ரெட்புல் குடித்தேன். மூன்று மணிக்குப் படுத்தும் உறக்கம் வரவில்லையே, ஏன்?

பதில்: விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது தனக்கான ஏற்பிகளில், அதாவது மூளைச் செல்களில் அது பொருந்தும் இடங்களில், போய் அமரும்போதுதான் கண் சொக்குகிறது. ரெட்புல்லில் உள்ள காஃபீன் அந்த இடங்களை மறித்து உட்கார்ந்துகொள்கிறதே தவிர, சேர்ந்துபோன அடினோசினைக் குறைப்பதில்லை. பெரியவர்கள் உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நம் ஊரில் விற்கும் 250 மில்லி டப்பா ஒன்றில் 75 மில்லிகிராம் உள்ளது. ஆகவே, பத்து மணிக்குக் குடித்த 150 மில்லிகிராமில், நீங்கள் பாய் விரித்த வேளையிலும் முழு டப்பா ஒன்றின் அளவு உடலில் மிச்சமிருந்திருக்கும். அடுத்த முறை டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, கடிகாரத்தையும் பாருங்கள்.

கேள்வி: நாளொன்றுக்கு எத்தனை குடிக்கலாம்?

பதில்: எண்ணிக்கையை விட்டு மில்லியைப் பாருங்கள். நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்ற எச்சரிக்கை பின்பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி (அலங்காநல்லூர்): எனர்ஜி டிரிங்கில் சேர்க்கும் டாரினைக் காளையின் விந்திலிருந்து எடுக்கிறார்களாமே?

பதில்: இல்லை. 1827இல் எருதின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இன்று ஆலைகளில் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். உங்கள் ஊர்க் காளைகளுக்கு இதில் பங்கில்லை.

கேள்வி: ஃபில்டர் காபியிலும் காஃபீன் உண்டு. அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பதில்: காபிக்கு நான் வக்கீல் அல்லன். ஆனால், மாட்டுத்தாவணிக் கடையில் டபராவில் ஆற்றி, சூடு பொறுக்கிற அளவில் மிடறு மிடறாகக் குடிப்பதும், குளிர்ந்த டப்பாவை ஒரே மூச்சில் கவிழ்ப்பதும் ஒன்றாகா. மேலும் அந்தச் சிறு டப்பாவில் சுமார் 27 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேல் சர்க்கரை இருக்கிறது.

அவரே மீண்டும்: நான் நாளுக்கு ஐந்து காபி குடிக்கிறேன். அதன் சர்க்கரையும் அவ்வளவு வருமே?

பதில்: வரும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டையும் கூட்டச் சொல்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் நலமான பெரியவர்களுக்கு வகுத்த அளவு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீன், ஒரே வேளையில் 200. காபிக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று உடல் தனித்தனிப் பேரேடு வைப்பதில்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை டப்பா வரை பரவாயில்லை?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மதுவுடன் கலந்தால் போதை குறையுமா?

பதில்: இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் துளியும் குறையாது, போதை ஏறியது தெரியாமல் போகும், அவ்வளவே. வண்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: இரண்டு டப்பா குடித்தால் நெஞ்சு படபடக்கிறது.

பதில்: குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

கேள்வி: சர்க்கரை இல்லாத வகையை எத்தனை குடிக்கலாம்?

பதில்: சர்க்கரைதான் இல்லை, தம்பி. பின்பக்கம், மில்லி.