தொட்டிச் செடியைக் கடிக்கும் நாய்

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் ஆகாயத்தாமரை விட்டிருக்கிறேன். எங்கள் நாய் அதைக் கடித்து இழுக்கிறது. ஆபத்தா, டாக்டர்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எந்த ஆகாயத்தாமரை? நம் ஊரில் இரண்டு செடிகளுக்கு இந்தப் பெயர். காம்பு உப்பி, ஊதாப் பூ விட்டால் அது வெங்காயத்தாமரை. குட்டி முட்டைக்கோஸ் மாதிரி, வெல்வெட் இலையோடு மிதந்தால் அது சேம்பின் சொந்தக்காரி. சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு. எங்கள் ராஜபாளையம் ஒருமுறை ஒரே ஓர் இலையைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக அரைமணி நேரம் என் வேட்டியில் வாயைத் தேய்த்தது. அப்புறம் தொட்டிப் பக்கமே போகவில்லை. உங்களுடையது அவ்வளவு புத்திசாலி இல்லை போலிருக்கிறது!

பெரும்பாலும் எச்சில், வாய் எரிச்சல், வாந்தியோடு சரியாகிவிடும். வாயில் ஒட்டிய துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வெங்காயத்தாமரை என்றாலும் தின்ன விடாதீர்கள். அதுவும் சாக்கடை கலந்த ஏரியிலிருந்து பிடுங்கி வந்ததென்றால், ஈயம், காட்மியம் எல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும். தொட்டிக்கு மேல் கம்பி வலை போட்டுவிடுங்கள்.