வாசகர் கேள்வி – பதில்: ஆண்டு எழுதாத ஏடுகள்

புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் முந்தியது மத்தேயு அன்று, பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபமே என்று சென்ற இதழில் இரண்டு வரியில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களுக்காக இந்த இதழில் என் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஓய்வுநாள் பாடசாலையில் மத்தேயுவே முதலில் எழுதப்பட்ட சுவிசேஷம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்த நூலிலும் ஆண்டு குறிக்கப்படாதபோது எது முந்தியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத்)

பதில்: நீங்கள் கற்பித்ததற்குப் பின்னால் நெடிய மரபு ஒன்று உண்டு. மத்தேயுவே முதலில் எழுதினார் என்று பழைய சபைப் பிதாக்கள் கருதினார்கள். அகுஸ்தீனும் அப்படியே சொன்னார். ஆனால் வேதாகமத்தில் நூல்களை அடுக்கியிருக்கும் வரிசை காலவரிசை அன்று. சுவிசேஷங்கள் முன்னும் நிருபங்கள் பின்னுமாக வகை பார்த்து வைத்திருக்கிறார்கள். பவுலின் நிருபங்களுக்குள் பெரும்பாலும் நீளம் பார்த்து வைத்திருப்பதால்தான் ரோமர் முதலில் நிற்கிறது.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் புரட்டியவர்களுக்குக் கொல்லம் ஆண்டு தெரிந்திருக்கும். கொல்லம் 1030 என்று கண்டால், ஆவணிக்குப் பிந்திய மாதமா, தை பிறந்த பிறகா என்று பார்த்து, 824 அல்லது 825 கூட்டி 1854 என்றோ 1855 என்றோ சொல்லிவிடுகிறோம். கோயில் கல்வெட்டுகளில் அந்த வசதியும் பல இடங்களில் இல்லை. இன்ன பாண்டியனுக்கு யாண்டு இத்தனை என்று மட்டும் வெட்டியிருப்பார்கள். அவன் பட்டமேறிய ஆண்டு வேறு வழியில் தெரிந்தால்தான் கணக்கு நிற்கும். லூக்கா தம் மூன்றாம் அதிகாரத்தில் செய்வதும் அதுவே. திபேரியுராயனுடைய பதினைந்தாம் வருஷம் என்கிறார். அகுஸ்து இறந்து திபேரியு அரசேறியது கி.பி. 14இல் என்பது ரோம வரலாற்றிலிருந்து தெரிவதால், லூக்கா சொல்லும் ஆண்டு 28 அல்லது 29 ஆகிறது. ஆனால் அது யோவான் ஸ்நானன் பிரசங்கிக்கத் தொடங்கிய ஆண்டே தவிர, லூக்கா உட்கார்ந்து எழுதிய ஆண்டு அன்று. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

எழுதிய ஆண்டைக் காண இரண்டு முளை அடிக்க வேண்டும்: இதற்கு முன் எழுதியிருக்க முடியாது என்று ஒன்று, இதற்குப் பின் எழுதியிருக்க முடியாது என்று மற்றொன்று. பவுல் விஷயத்தில் அப்படி ஒரு முளை கல்லாகவே கிடைத்தது. கிரேக்க நாட்டின் தெல்பியில், கிளவுதியு பேரரசரின் கடிதமொன்று பொறிக்கப்பட்ட கல்வெட்டு துண்டு துண்டாகக் கண்டெடுக்கப்பட்டது. அதில் கல்லியோன் பெயர் வருகிறது. அகாயா நாட்டுக்குக் கல்லியோன் அதிபதியாயிருந்தபோது பவுலை அவனுடைய நியாயாசனத்துக்கு முன் கொண்டுபோனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம் கூறுகிறதே, அதே கல்லியோன். அக்கல்வெட்டைக் கொண்டு அவனுடைய பதவிக்காலம் 51–52 என்று தெரிகிறது. பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தார்; தெசலோனிக்கேயருக்கு முதல் நிருபத்தை அங்கிருந்தபோதுதான் எழுதினார் என்று கொள்ளப்படுகிறது. எனவே அது ஏறத்தாழ 50 அல்லது 51.

மத்தேயுவுக்கு இப்படியொரு கல் இல்லை. ஆனால் மாற்குவிலுள்ள 661 வசனங்களில் ஏறத்தாழ 600 வசனங்களின் பொருள், பல இடங்களில் சொல்லுக்குச் சொல்லாகவும் அதே வரிசையிலும், மத்தேயுவில் இருக்கிறது. மாற்குவின் கரடுமுரடான கிரேக்கத்தை மத்தேயு சீர்செய்திருப்பதே கண்ணுக்குத் தெரிகிறது. சீரான நடையை ஒருவர் வேலை மெனக்கெட்டுக் கரடாக்கினார் என்று நம்புவது கடினம். ஆகவே மாற்குவே முந்தியது. அதை 70ஐ ஒட்டியும், மத்தேயுவை 80–90 அளவிலும் பெரும்பாலான அறிஞர்கள் வைக்கிறார்கள்.

கேள்வி: அந்த 70 என்ற கணக்கைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். எருசலேம் தேவாலயம் இடிக்கப்படும் என்று ஆண்டவர் முன்னறிவித்தது மாற்கு 13இல் இருக்கிறது. இடிந்த பிறகே எழுதியிருக்க வேண்டும் என்பது தீர்க்கதரிசனத்தை நம்பாதவர்களின் வாதமல்லவா? (மெஞ்ஞானபுரம் வாசகர்)

பதில்: அப்படி வாதிடுபவர்களும் உண்டு, அந்த வாதம் மட்டுமே இருந்தால் அது பலவீனமானது என்று நானும் ஒப்புக்கொள்வேன். சொன்ன காலமும் ஏட்டில் ஏறிய காலமும் வேறு வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையை, அது பலித்த நாளிலோ பலிக்கப்போகும் நாளிலோ மக்கள் நினைவுகூர்ந்து எழுதிவைப்பது இயல்பு.

ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது கி.பி. 70இல். அந்த நிகழ்ச்சி எந்த நூலில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்கு பாழாக்குகிற அருவருப்பு என்று மறைபொருளாகப் பேசி, வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன் என்று இடையில் ஒரு குறிப்புப் போடுகிறார். அதே இடத்தில் லூக்கா 21:20, எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதைக் காணும்போது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. விருந்து உவமையை லூக்காவும் மத்தேயுவும் சொல்கிறார்கள். மத்தேயு 22:7இல் மட்டும், கோபங்கொண்ட ராஜா சேனைகளை அனுப்பி அவர்கள் பட்டணத்தைச் சுட்டெரிக்கிறான். ஆறிக்கொண்டிருக்கும் விருந்துக்கு நடுவே ஒரு போரும் நகர் எரிப்பும் வந்து போவது கதைக்குப் பொருந்தவில்லை. வேறு எதையோ கண்ட கண்ணே அதை அங்கே சேர்த்திருக்க வேண்டும். மாறாக, மாற்கு 13 கல்லின்மேல் கல் இராது என்கிறதே தவிர நெருப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்து எழுதியிருந்தால் நெருப்பு வராமல் இருக்குமா என்று கேட்டு மாற்குவை 70க்கு முன் வைப்பவர்களும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர் ஜான் ராபின்சன், 1976இல், புதிய ஏற்பாடு முழுவதுமே 70க்கு முன் எழுதப்பட்டது என்று வாதாடினார். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மாற்குவைப் பொறுத்தவரை 65க்கும் 75க்கும் இடையில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மை என்பது என் கருத்து.

கேள்வி: எகிப்தில் கிடைத்த யோவான் சுவிசேஷத் துண்டு கி.பி. 125ஐச் சேர்ந்தது என்று படித்தேன். எழுத்தின் வடிவத்தைப் பார்த்து அத்தனை துல்லியமாக ஆண்டு சொல்ல முடியுமா? (வரலாறு பயிலும் மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: முடியாது. மான்செஸ்டர் நகரிலுள்ள ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் அந்தத் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு ஏழு வரி. அவையும் முழு வரிகள் அல்ல. பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் 18ஆம் அதிகாரப் பகுதி அது. 1935இல் அதை வெளியிட்ட ராபர்ட்ஸ், தேதி தெரிந்த வேறு பாப்பிரஸ் தாள்களின் எழுத்தோடு ஒப்பிட்டு, இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்று கணித்தார். ஐம்பது ஆண்டு அகலமுள்ள அந்தக் கணிப்பைப் பிறர் 125 என்று ஒற்றை ஆண்டாகச் சுருக்கிவிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியோ மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கமோ ஆகவும் இருக்கலாம் என்று இப்போது எச்சரிக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்வெட்டுகளையே எண்ணிப் பாருங்கள். பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழங்கியது; சோழர் கைக்கு நாடு வந்த பிறகு, 11ஆம் நூற்றாண்டு வாக்கில், அதன் இடத்தைத் தமிழெழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் வட்டெழுத்தைக் கண்டதும் அதற்கு முந்தியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சீமையில் அதே எழுத்து இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருந்தது. இருபது வயதில் பழகிய கையெழுத்தை எழுபது வயதிலும் எழுதும் எழுத்தர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மேலும், எழுத்து காட்டுவது படியின் வயதைத்தான், நூலின் வயதையன்று. நூறு ஆண்டுப் பழமையுள்ள பனையோலையில் திருக்குறள் இருப்பதால் திருக்குறளுக்கு வயது நூறு ஆகிவிடாது.

கேள்வி: யூத மணம் மிகுதியாக உள்ள கிறிஸ்தவ நூல் முந்தியது, அது குறையக் குறையப் பிந்தியது என்று ஒரு விதி சொல்கிறார்களே, அதை நம்பலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: கேட்க அழகாக இருக்கும் இந்த விதிதான் பலரையும் வழி தவறச் செய்திருக்கிறது. பவுலின் நிருபங்கள் எல்லாவற்றிலும் முந்தியவை. யூதச் சடங்கான விருத்தசேதனம் யூதரல்லாத புறஜாதியாருக்குத் தேவையில்லை என்று மிகக் கடுமையாக வாதிடுபவையும் அவையே. அவற்றுக்கு ஒரு தலைமுறை பிந்திய மத்தேயுவோ, யூதரின் நியாயப்பிரமாணத்தில் ஒரு எழுத்தின் உறுப்பும் ஒழிந்துபோகாது என்கிறது. விதி அங்கேயே தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு மிகச் சிறந்த சான்று 'திதகே' என்னும் சிறுநூல். கிரேக்கத்தில் 'போதனை' என்று பொருள். பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்க சபைத் தலைவர் 1873இல் கான்ஸ்தாந்திநோபிளின் ஒரு நூலகத்தில் இதன் ஏட்டைக் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டார். ஏட்டை எழுதியவர் 1056 என்று ஆண்டு குறித்திருக்கிறார்; நூலோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. பெரும்பாலும் இதை முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வைக்கிறார்கள்.

ஜீவ வழி, மரண வழி என்று இரண்டு வழிகளைக் காட்டித் தொடங்கும் அதன் முதற்பகுதி, பர்னபாவின் பெயரிலுள்ள நிருபத்திலும் ஒளி, இருள் என்ற பெயரில் வருகிறது. சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்களுள், அங்கே வாழ்ந்த யூதக் குழுவின் ஒழுங்குச் சட்டத்திலும் ஒளியின் வழி, இருளின் வழி என்ற போதனை இருக்கிறது. கிறிஸ்தவர்கள் யூதரிடமிருந்து பெற்று, ஞானஸ்நானம் பெற வருவோருக்குக் கற்பித்த பழைய பாடம் இது என்பது இவற்றை ஒப்பிட்டால் விளங்கும். ஞானஸ்நானத்தையே, முடிந்தால் ஓடும் நீரில் கொடுக்கச் சொல்கிறது திதகே. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு அதில் சிரமம் இராது. யூதச் சுத்திகரிப்பு முறையிலும் ஊற்றுநீருக்கே முதல் மதிப்பு. அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் அது தரும் ஸ்தோத்திர ஜெபங்கள், இயேசுவின் சரீரம் என்றோ இரத்தம் என்றோ சொல்லாமல், தாவீதின் பரிசுத்த திராட்சச்செடிக்காகப் பிதாவுக்கு நன்றி செலுத்துகின்றன. யூதர்கள் உணவுக்குப் பின் சொல்லும் ஸ்தோத்திரத்தின் சாயல் அவற்றில் நன்றாகவே தெரிகிறது.

இவ்வளவு நெருக்கமான நூலின் எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். மாயக்காரரோடு சேர்ந்து உபவாசிக்காதிருங்கள். அவர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன் என்று லூக்கா 18இல் பரிசேயன் பெருமை பேசுவது நினைவிருக்கும். உபவாசம் அப்படியே இருக்கிறது, இரண்டு நாள் என்ற எண்ணிக்கையும் மாறவில்லை, கிழமை மட்டும் மாறுகிறது! ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே வேதத்தை வாசித்து, ஏறக்குறைய ஒரே மாதிரி ஜெபிப்பவர்களுக்குத்தான் இப்படி வேலி போட வேண்டிய தேவை வரும். எட்டத்தில் இருப்பவனோடு வரப்புச் சண்டை யாரும் போடுவதில்லை. ஆகையால் யூத மணமும் யூதர்மேல் கோபமும் ஒரே நூலில், ஒரே காலத்தில் இருக்கக்கூடும். அந்த மணத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ள முடியாது.

அந்த வேலி ஒரே நாளில் எழுந்ததுமன்று. கி.பி. 110 அளவில் அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியு, இயேசு கிறிஸ்துவைப் பற்றிப் பேசிக்கொண்டு யூத முறையில் நடப்பது பொருந்தாது என்று எழுதுகிறார். அப்படி நடந்தவர்கள் இருந்ததால்தானே எழுதினார்? 386–387இல் அதே அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், யூதப் பண்டிகைகளுக்கும் ஜெப ஆலயத்துக்கும் போய்வரும் தம் சபையாரைப் பிரசங்கம் பிரசங்கமாகக் கண்டிக்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

நம் தமிழ் வேதாகமம் இந்த நெருக்கத்தை ஓரிடத்தில் மறைத்துவிடுவதையும் சொல்லியாக வேண்டும். யாக்கோபு 2:2இல் பொன்மோதிரம் தரித்தவன் 'உங்கள் ஆலயத்தில்' வரும்போது என்று வாசிக்கிறோம். நம் ஊர்ச் சபையாருக்கு உடனே மனத்தில் எழுவது கோபுரமும் மணியும் உள்ள தங்கள் ஆலயமே. கிரேக்கத்தில் அங்கே இருப்பது, சுவிசேஷங்களில், யூதர் கூடித் தொழும் இடத்துக்கு, 'ஜெப ஆலயம்' என்று நாம் மொழிபெயர்த்திருக்கும் அதே சொல்.

கேள்வி: எபிரெயர் நிருபம் பலி செலுத்துவதை நிகழ்காலத்தில் பேசுகிறது. ஆகவே எருசலேம் ஆலயம் நின்றபோதே எழுதியது எனலாமா? (சாயர்புரம் வாசகர்)

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ரோமாபுரியிலிருந்து ஏறத்தாழ 96இல் எழுதப்பட்ட, அந்நகர்ச் சபைத் தலைவர் கிளெமெந்துவின் பெயரிலுள்ள நிருபமும், ஆலயம் சாம்பலாகி ஒரு தலைமுறை கடந்த பிறகு, எருசலேமில் பலி செலுத்தப்படுகிறது என்று நிகழ்காலத்திலேயே பேசுகிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பும் அப்படியே எழுதுகிறார். ஆனால் கிளெமெந்து எபிரெயர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தாளுவதால், அது தம் நிருபத்துக்கு முந்தியது என்று நமக்கு ஒரு பக்கத்து முளையை அடித்துக் கொடுத்துவிடுகிறார்.

கேள்வி: புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் எத்தனை இடங்களில் வருகிறது? (திசையன்விளை வாசகர்)

பதில்: மூன்றே இடங்கள்: அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு (11:26, 26:28), பேதுருவின் முதல் நிருபத்தில் ஒன்று (4:16). பவுல் தம் நிருபங்களில் ஓரிடத்திலும் அந்தப் பெயரை எழுதவில்லை. 'கிறிஸ்தவம்' என்று ஒரு மார்க்கத்துக்குப் பெயராக வருவதை, நமக்குக் கிடைத்துள்ள எழுத்துகளில், முதன்முதலாக மேலே சொன்ன இக்னாசியுவிடம்தான் காண்கிறோம். அங்கும் அது யூத மார்க்கம் என்ற சொல்லின் பக்கத்திலேயே வருகிறது.