பி.பார்ம் முடித்தவர் அமெரிக்காவில் பார்ம்.டி.க்கு விண்ணப்பிக்கும்போது

அன்புள்ள தங்கைக்கு,

மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019இல் பி.பார்ம் (மருந்தியல் இளங்கலைப் பட்டம்) முடித்து, இரண்டு வருடம் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறீர்கள். கல்யாணமாகி எச்-4 விசாவில் (இங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தருவது) டல்லாஸ் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒருவர் தகுதித் தேர்வு எழுதினாலே போதும் என்கிறார், இன்னொருவர் எம்.எஸ். படிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் இந்த வயதில் மறுபடியும் நாலு வருடமா என்கிறார். உங்களுக்கோ பார்மசிஸ்ட் ஆக வேண்டும். இங்கே அதற்கான நாலு வருடப் படிப்பான பார்ம்.டி.க்கு எப்படி விண்ணப்பிப்பது, இடம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள்.

நானும் 2007இல் இதே மாதிரி வந்து நின்றவள்தான். 2010இல் பார்ம்.டி. சேர்ந்து, 2014இல் முடித்து, அன்றிலிருந்து மருத்துவமனை பார்மசியில் வேலை பார்க்கிறேன். அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

தகுதித் தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்காக என்.ஏ.பி.பி. (மாநில பார்மசி வாரியங்களின் தேசிய அமைப்பு) எஃப்.பி.ஜி.இ.சி. என்ற சான்றிதழ் தருகிறது. அது இருந்தால் இங்கே மறுபடி பட்டம் படிக்காமல் லைசென்ஸுக்குப் போகலாம். 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் பி.பார்ம் நாலு வருடம். நம் நாட்டில் 2008இல் வந்த ஆறு வருட பார்ம்.டி. படித்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இல்லை. தேர்வு எழுதச் சொன்னவர் அநேகமாக பழைய காலத்தில் வந்தவராக இருப்பார். அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. எம்.எஸ். நல்ல படிப்புதான், மருந்து கம்பெனி வேலைக்கு உதவும். ஆனால் அதை வைத்து பார்மசிஸ்ட் லைசென்ஸ் வாங்க முடியாது. ஆக, உங்கள் ஆசைக்கு வழி பார்ம்.டி.தான்.

இடம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். நான் விண்ணப்பித்த காலத்தில் கடும் போட்டி. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நாடு முழுக்க 140க்கும் மேற்பட்ட பார்மசி கல்லூரிகள் இருக்கின்றன, பலவற்றில் இடம் நிரம்புவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இடம் கிடைத்ததே பெரிது என்று எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் போய்விடாதீர்கள். படித்து முடித்தபின் நாப்ளெக்ஸ் என்ற தேசியத் தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ். ஒவ்வொரு கல்லூரியிலும் முதல் முயற்சியிலேயே எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதை என்.ஏ.பி.பி. ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிறது. மூன்று வருடக் கணக்கை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நாலு வருடத்தில் முடித்தார்கள் என்பதையும் பாருங்கள். கட்டடம், ரேங்க் பட்டியல் எல்லாம் அப்புறம். பார்மசி கல்லூரிகளை அங்கீகரிக்கும் ஏ.சி.பி.இ. அமைப்பின் அங்கீகாரம் முழுமையாக இருக்கிறதா, இன்னும் 'கேண்டிடேட்' என்ற இடைக்கால நிலையில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு டல்லாஸில் ஒரு வளாகம் இருக்கிறது. அவற்றிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். ஒரு சில கல்லூரிகள் வெளிநாட்டு பார்மசி பட்டதாரிகளுக்கு படிப்புக் காலத்தைக் கொஞ்சம் குறைத்தும் தருகின்றன, அதையும் விசாரியுங்கள். ஆனால் லைசென்ஸுக்கு வழி செய்யும் படிப்புதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி விண்ணப்பம். பெரும்பாலான கல்லூரிகளுக்கு பார்ம்காஸ் என்ற ஒரே தளத்தில் ஒரே விண்ணப்பம். பொதுவாக வருடத்தின் நடுவில் திறக்கும், அடுத்த வருடம் ஆகஸ்ட் வாக்கில் வகுப்பு தொடங்கும். கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் விண்ணப்பம் வர வர இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள், அதனால் கடைசித் தேதியைப் பார்த்து உட்கார வேண்டாம். முன்பு பி-கேட் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. 2024 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய புத்தகத்தை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட அதிக நாள் பிடிப்பது ஊரிலிருந்து வர வேண்டிய காகிதம். நம் மதிப்பெண்களை வெஸ் போன்ற ஒரு மதிப்பீட்டு நிறுவனம் பாடவாரியாகப் பிரித்து, இங்கே உள்ள கிரெடிட்டாகவும் (பாடத்தின் எடை) ஜி.பி.ஏ.வாகவும் (மதிப்பெண் சராசரி) மாற்றித் தரும். 62 சதவீதம்தான் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் 60 சதவீதம் முதல் வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்பதான் மாற்றுவார்கள். அந்த 62ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். பயப்பட வேண்டியது பெயருக்கும் சீலுக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக, அதுவும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இங்கே எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதே. அப்பா 68 வயதில் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு பஸ் ஏறிப் போய், மூன்று தடவை அலைந்து டிரான்ஸ்கிரிப்ட் (சீல் வைத்த உறையில் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) வாங்கி அனுப்பினார். உறையின் மடிப்பு மேல் சீல் விழவில்லை. ஓரமாக, முகவரிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஏற்க மாட்டோம் என்று மதிப்பீட்டு நிறுவனத்தில் திருப்பிவிட்டார்கள். மறுபடி அப்பா போனார். அந்த இரண்டாவது உறையை ஊரிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, சீலின் பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழுந்திருக்கிறதா என்று நான் பெரிதாக்கிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்குள் அந்த வருடத்துச் சேர்க்கை போய்விட்டது. நான் 2009க்குப் பதிலாக 2010இல் சேர்ந்ததற்கு அந்த சீல்தான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், மார்க் ஷீட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நாலையும் மேஜையில் பரப்பி, பெயர் எப்படி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கைத் திறக்கும்போதே முந்தைய பெயர் என்ற இடத்தில் எல்லா வடிவங்களையும் கொடுத்துவிடுங்கள். பிரமாணப் பத்திரம் தேவையா என்று இப்போதே கேளுங்கள். இந்திய ஆவணங்களை எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் தளத்தில் நாடுவாரியாக இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ஊரில் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் கொடுங்கள்.

மதிப்பீடு வந்ததும் அடுத்த வேலை முன்தேவைப் பாடங்கள், அதாவது சேருமுன் முடித்திருக்க வேண்டியவை. வேதியியல், கரிம வேதியியல், நுண்ணுயிரியல், உடற்செயலியல் எல்லாம் பி.பார்மில் படித்திருப்பீர்கள். ஆனால் ஆங்கில எழுத்து, மேடைப் பேச்சு, பொருளாதாரம், புள்ளியியல், கால்குலஸ் போன்றவற்றில் ஒன்றிரண்டு நிச்சயம் குறையும். சில கல்லூரிகள் அறிவியல் பாடங்களில் சிலவற்றையும் அமெரிக்காவிலேயே படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் மதிப்பீட்டு அறிக்கையை இணைத்து, எந்தப் பாடம் ஏற்கப்படும், எது இல்லை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம், எழுத்தில் வேண்டும். குறைகிற பாடங்களை காலின் காலேஜ், டல்லாஸ் காலேஜ் மாதிரி கம்யூனிட்டி காலேஜில் படித்துவிடலாம், செலவு குறைவு. எச்-4இல் படிக்கத் தடை எதுவும் இல்லை. அந்த வகுப்புகளில் 'ஏ' கிரேடு வாங்குங்கள். இங்கத்திய வகுப்பறையில் உங்களால் படிக்க முடியும் என்பதற்கு அதுதான் சாட்சி. மேடைப் பேச்சு வகுப்பை மட்டும் முதல் பருவத்திலேயே எடுங்கள். எனக்கு பார்மகாலஜியை விட அதிகம் கைகொடுத்தது அந்த வகுப்புதான்.

இங்கே மருந்துப் பெயர்களையும் பழகிக்கொள்ளுங்கள். நமக்குப் பாராசிட்டமால், இவர்களுக்கு அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் இங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின். நேர்காணலில் பழைய பெயர் வாயில் வந்தால் தப்பில்லை, ஆனால் அடுத்த நொடி இங்கத்திய பெயரையும் சொல்லத் தெரிந்திருந்தால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

பரிந்துரைக் கடிதம் தருகிறவர்களில் ஒருவர் ஊர்ப் பேராசிரியராக இருக்கலாம். இங்கே கடிதத்தை மாணவர் கையில் வாங்கி அனுப்பும் வழக்கமில்லை, ஆசிரியருக்கு நேரே இணைப்பு போகும். "நீயே எழுதி அனுப்பம்மா, கையெழுத்து போடுகிறேன்" என்று அன்பாகச் சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவர் வகுப்பில் செய்த நாலு விஷயங்களை நினைவுபடுத்தி ஒரு குறிப்பு அனுப்புங்கள், எழுதுவது அவராக இருக்கட்டும். இன்னொரு கடிதம் இங்கே கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரிடம், மற்றொன்று இங்கே வேலை செய்யும் ஒரு பார்மசிஸ்டிடம்.

அந்த பார்மசிஸ்டை எங்கே பிடிப்பது? மருத்துவமனைகளில் தன்னார்வலர் திட்டம் இருக்கும். அதில் சேருங்கள். தெரிந்தவர் கடையில் சம்பளமில்லாமல் கவுன்டரில் நின்று உதவுகிறேன் என்று மட்டும் போகாதீர்கள். சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் வேலை அனுமதி இல்லாதவருக்கு விசாவில் சிக்கல் வரலாம். கூட நின்று பார்ப்பதற்கு முறையாக அனுமதி கேட்டால் பலர் சம்மதிப்பார்கள்.

விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே மருந்துகள் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் எழுதிய முதல் மூன்று வரைவுகளும் அப்படித்தான் இருந்தன. பிறகு மருத்துவமனையில் பார்த்த ஒன்றை எழுதினேன். ஒரு பெரியவர், ஆஸ்துமா, மூன்றாவது தடவை அவசரப் பிரிவுக்கு வந்தவர். பார்மசிஸ்ட் எதையும் விளக்காமல் முதலில், "எப்படி எடுப்பீர்கள், செய்து காட்டுங்கள்" என்றார். பெரியவர் இன்ஹேலரை அழுத்தினார், மூச்சை இழுக்கவில்லை. மருந்து வெள்ளைப் புகையாக வாயிலிருந்து வெளியே வந்தது. அதுவரை மூன்று பேர் அவருக்கு மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள், ஒருவரும் செய்து காட்டச் சொல்லவில்லை. பார்மசிஸ்ட் தானும் ஒரு மாதிரி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து எண்ணி மூச்சிழுத்தார். பத்து நிமிடம். ஊரில் நாலு வருடம் படித்தும் பார்மசிஸ்டின் வேலை இதுவும்தான் என்று நான் கண்ணால் பார்த்ததில்லை. அதை அப்படியே எழுதினேன். நேர்காணலில் மூன்று பேரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் மாநிலவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு வேறு. எச்-4இல் இருப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதைச் சேருமுன் கேளுங்கள். மத்திய அரசின் கல்விக் கடன் கிரீன் கார்டாவது இருந்தால்தான். தனியார் கடனுக்குப் பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் கூடக் கையெழுத்திட வேண்டியிருக்கும். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து நாலு வருடக் கணக்கையும் எழுதிப் பாருங்கள். அதோடு ஒரு முக்கியக் கேள்வி: படிப்பின்போது இன்டர்னாக (பயிற்சியாளராக) மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், சில மாநிலங்கள் அதற்கு எஸ்.எஸ்.என். (சமூகப் பாதுகாப்பு எண்) கேட்கும். வேலை அனுமதி இல்லாத எச்-4காரருக்கு அது சாதாரணமாகக் கிடைக்காது. உங்கள் மாதிரி மாணவர்கள் அங்கே எப்படிச் சமாளித்தார்கள், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருந்ததா என்று சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக வராத கல்லூரியைத் தள்ளி வையுங்கள்.

கார் ஓட்டவும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். கடைசி வருடத்தில் 1,440 மணி நேரம் மருத்துவமனை, கிளினிக், கடை என்று மாறி மாறி நேரடிப் பயிற்சி. காலை ஆறரைக்கு நாற்பது மைல் தள்ளி நிற்க வேண்டிய மாதங்கள் வரும்.

இடம் கிடைத்தபின் தடுப்பூசிக் காகிதம் கேட்பார்கள், காசநோய்ப் பரிசோதனையும் இருக்கும். நம் தோளில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருப்பதால் தோலில் ஊசி போடும் பரிசோதனை சிலருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும், பிறகு எக்ஸ்ரே அது இது என்று அலைய வேண்டும். பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வகுப்பில் 41 வயதில் சேர்ந்தவர் ஒருவர் இருந்தார், இரண்டு பிள்ளைகளின் அம்மா. நோயாளிகள் அவரிடம்தான் முதலில் பேசினார்கள்.

இந்த வாரமே ஊருக்குப் போன் போட்டு டிரான்ஸ்கிரிப்ட் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் பாடப் பட்டியல் உள்ள பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு. எந்தக் கல்லூரிக்கு எந்தப் பாடம் குறைகிறது என்று நான் உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா